விண்மீன் பிறக்கும் முகிலும் அதனை ஆராயும் இளைஞரும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு நம் காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தனர். கல்வியின் பெருமையைப் பொதுவாகப் பேசுதல் எளிது. கேட்டல் அதனினும் எளிது. கேட்டதை மறத்தல் எல்லாவற்றினும் எளிது. ஆதலின், பொதுவாகப் பேசாது, ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன்கண் உழைப்போர் செய்வது யாது, அவர்க்கு நேரும் இடர் யாவை, அவர்பால் நமது கடமை யாது என்னும் மூன்றையும் விளக்கத் துணிந்தோம். அத்துறை, விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வாயுவையும், அவ்வாயுவினின்று விண்மீன்கள் பிறக்கும் முறையையும் ஆராய்வதாகும்.

இதனைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. நம்மவர் இல்லங்களில் மருத்துவரும் பொறியியலாளரும் வழக்கறிஞரும் வணிகரும் பலர் உளர். அவர் செய்யும் தொழில் இன்னதென்று பாட்டியும் அறிவாள், பேரனும் அறிவான். ஆனால் இக்காலத்தே பௌதிக நூல் பயின்று டாக்டர் பட்டமும் பெற்ற பின்னர், ஒரு நாட்டில் இரண்டாண்டு, மற்றொரு நாட்டில் மூன்றாண்டு என்று ஊர்விட்டு ஊர் செல்லும் இளைஞரும் நங்கையரும் நம் குடும்பங்களிலும் தோன்றியுள்ளனர். ‘போஸ்ட்டாக்’ என்று உலகோர் சுருங்க வழங்கும், பட்டத்திற்குப் பிந்திய ஆராய்ச்சிப் பணியே அவர்தம் பணி. திருமண வீடுகளில் அவரைக் கண்டவுடன் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே: “படிப்பு எப்போது முடியும்?” அவர் விடை கூறாது புன்முறுவல் செய்து அகல்வர். அவர் கூறாத விடையை அவர் பொருட்டு யாம் இன்று கூறுவாம்.

வெளி என்பது வெறுவெளி அன்று

மார்கழி, தை மாதங்களில் இரவு எட்டு மணியளவில் கிழக்கு வானத்தை நோக்கின், மூன்று மீன்கள் ஒரே வரிசையில் நிற்கக் காண்பீர்கள். அவற்றிற்கு ஒருபுறம் செந்நிறத்ததாய் ஒளிர்வது நாம் திருவாதிரை என்று போற்றும் மீன். அம்மூன்று மீன்களுக்கு அருகே, உடைவாள் தொங்குவதுபோல் மங்கலான சில ஒளிப்புள்ளிகள் உள. அவற்றுள் நடுவிலுள்ளதைக் கூர்ந்து நோக்கின், அது மீனன்று, புகைபோன்றதொரு திட்டு என்பது புலனாகும். மேனாட்டார் ஓரயன் நெபுலா என்பது இதுவே. சுமார் 1,350 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இம்முகிலினுள் இளம் மீன்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுட் பலவற்றிற்கு வயது சில இலட்சம் ஆண்டுகளே. நம் சூரியனுக்கோ வயது சுமார் 460 கோடி ஆண்டு. அவ்வளவையிற் பார்த்தால், அங்குள்ளவை இன்னும் தொட்டிலை விட்டு இறங்காத குழவிகள் என்னலாம்.

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி வெறுமையானது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. அவ்வாறன்று என்பதற்கு உறுதியான சான்று 1904-ஆம் ஆண்டில் கிடைத்தது. ஜெர்மனியிலுள்ள போட்ஸ்டாம் வானிலயத்தில் ஹார்ட்மன் என்பார், நாம் மேலே கூறிய மூன்று மீன்களுள் ஒன்றன் ஒளியைப் பிரித்து ஆராய்ந்தார். அம்மீன் தனித்த மீனன்று. துணையுடன் ஒன்றையொன்று சுற்றுவது. ஆதலின் அதன் ஒளியிலுள்ள கருங்கோடுகள் முறையே இப்புறமும் அப்புறமும் இடம்பெயர்ந்தன. ஆயின் சுண்ணாம்பின் மூலமாகிய கால்சியத்திற்குரிய கோடு மட்டும் அவற்றோடு ஆடாது நின்றது. மீனோடு ஆடாத கோடு மீனுக்கு உரியதாதல் இயலாது. எனவே நமக்கும் அம்மீனுக்கும் இடையே வாயு உண்டு என்று ஹார்ட்மன் முடிவு செய்தார். ஆடாத ஒரு கோட்டினின்று இப்பெருந்துறை தோன்றியது.

வானில் ஆங்காங்கே மீன்களே இல்லாத கரிய இடங்கள் உள. 18-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் முதலியோர் அவற்றை வானத்தின் துளைகள் போலக் கருதினர். அமெரிக்க நாட்டுப் பார்னர்டு என்பார் பல்லாண்டு அவற்றைப் படம் பிடித்து, 1919-ஆம் ஆண்டில் ஓர் அட்டவணையாக வெளியிட்டார். அவை துளைகள் அல்ல; பின்னுள்ள மீன்களை மறைக்கும் தூசி நிறைந்த முகில்கள் என்பது பின்னர் ஐயமற நிலைபெற்றது. விண்மீன் கருக்கொள்ளும் இடம் அவ்விருளே.

அம்முகில்கள் எத்துணை நொய்ம்மையானவை என்பதையும் அறிதல் வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில், அஃதாவது ஒரு சிறு புளியங்கொட்டை அடங்கும் இடத்தில், 27 என்னும் எண்ணின் பின் 18 சுன்னங்கள் இட்டால் எத்தனையோ அத்தனை மூலக்கூறுகள் உள. விண்மீன்களின் இடைவெளியில் அதே அளவு இடத்தில் சராசரியாக ஓர் அணு உண்டெனலாம். கரிய முகிலிலோ சில நூறு முதல் சில ஆயிரம் வரை இருக்கும்; அதன் செறிந்த கருவில் இலட்சக்கணக்கில் இருக்கும். அஃதும் நம் கருவிச் சாலைகளில் இயற்றும் வெற்றிடத்தினும் வெறுமையானதே. ஆயினும் முகில் நூறு ஒளியாண்டு அளவு பரந்து கிடத்தலின், ஒரு பெருமுகிலினுள் இலட்சம் சூரியன்களை ஆக்குதற்குப் போதிய பொருள் சேர்ந்து விடுகிறது. துளித்துளியாய்ச் சேர்வதன் பெருமையை நம்மவர்க்கு யாம் எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

காணாததைக் கண்ட வகை

இவ்வாயுவிற் பெரும்பகுதி ஹைட்ரஜன். விண்மீன்களும் பெரும்பாலும் ஹைட்ரஜனாலேயே ஆனவை. இவ்வுண்மையை முதலிற் கண்டவர் ஸெஸிலியா பேன் என்னும் ஆங்கில நங்கை. 1925-ஆம் ஆண்டில் ஹார்வர்டில் எழுதிய டாக்டர் பட்ட ஆராய்ச்சியிற் கண்டார். அவர் கணக்கிற்கு அடிப்படையாய் நின்றது, நம் நாட்டு மேகநாத ஸாஹா 1920-ஆம் ஆண்டில் வெளியிட்ட சமன்பாடு. பெரும் புலவர் ஒருவர் அம்முடிவு பொருந்தாது என்று கூறியமையால், அவ்வம்மையார் தம் நூலிலேயே அதனை ஐயத்துக்குரியதாக எழுத நேர்ந்தது. சில ஆண்டுகளில் அப்புலவரே அது மெய்யென ஒப்புக்கொண்டார். ஆயினும் அவ்வம்மையார்க்கு ஹார்வர்டில் பேராசிரியர் பதவி கிட்டியது 1956-ஆம் ஆண்டிலேயே. இடைப்பட்ட முப்பதாண்டும் குறைந்த ஊதியத்தில், உரிய பெயரில்லாத பணியில் உழைத்தார். பெண்மக்களைப் பெற்றோர் இதனை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்கு மீள்வோம்.

குளிர்ந்த ஹைட்ரஜன் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. ஆனால் அஃது 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலையை மிக மெல்ல வெளியிடும் என்று ஹாலந்து தேசத்து மாணவராகிய வான் டி ஹுல்ஸ்ட் 1944-ஆம் ஆண்டில், தம் நாடு பகைவர் கையிலிருந்த காலத்தே, கணக்கிட்டுக் கூறினார். அமெரிக்காவில் யூவன் என்னும் மாணவரும் அவர்தம் ஆசிரியர் பர்ஸலும் 500 டாலர் உதவித் தொகை பெற்று, மரப்பலகையாற் கொம்பு வடிவிலே ஒரு கருவி சமைத்து, அதனை ஆய்வுச்சாலையின் ஜன்னலுக்கு வெளியே பொருத்தி, 1951-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் நாள் அவ்வலையைப் பெற்றனர். அதனைக் கொண்டே நம் பால்வீதியின் வடிவத்தை அறிஞர் வரையலாயினர்.

மீன் கருக்கொள்ளும் மிகக் குளிர்ந்த முகிலிலோ ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாய்க் கூடி மூலக்கூறாகி விடுகின்றன. அந்நிலையில் அவை பேசா மடந்தையாகி, எவ்வித அலையும் ஏறக்குறைய வெளியிடுவதில்லை. ஆகவே அவற்றோடு சிறிதளவே கலந்துள்ள பிற வாயுக்களைக் கொண்டு அவற்றை அறிதல் வேண்டும். புகையைக் கொண்டு நெருப்பை அறிவது போல. 1970-ஆம் ஆண்டில் வில்ஸன், ஜெப்பர்ட்ஸ், பென்ஸியாஸ் என்னும் மூவர் ஓரயன் முகிலில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவின் அலையைக் கண்டனர். அடைத்த அறையிற் கரியடுப்பு மூட்டினால் உயிரைப் போக்கும் வாயு இதுவே. வானிலோ விண்மீன் பிறக்கும் இடத்தைக் காட்டும் விளக்காயிற்று. இதுகாறும் வானவெளியில் கண்டறிந்த மூலக்கூறு வகைகள் முந்நூற்றுக்கு மேற்பட்டன. நீர், அம்மோனியா, சாராயத்தின் சத்தாகிய ஆல்கஹால் முதலிய யாவும் அங்குள.

விண்மீன் பிறக்கும் முறை

இனி, பிறப்பு முறையைச் சுருங்கக் கூறுவாம். முகிலினுள் இரு விசைகள் ஓயாது போராடுகின்றன. ஒன்று ஈர்ப்பு விசை. அஃது எல்லாவற்றையும் உள்நோக்கி இழுக்கும். மற்றொன்று வாயுவின் வெம்மையாலாய அழுத்தம். அது வெளிநோக்கித் தள்ளும். முகிலின் ஒரு பகுதி போதிய அளவு திணிந்தும் குளிர்ந்தும் இருப்பின் ஈர்ப்பே வெல்லும் என்பதை ஆங்கில அறிஞர் ஜீன்ஸ் 1902-ஆம் ஆண்டிலேயே கணித வாயிலாகக் காட்டினார். கரிய முகிலின் உள்ளே வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே சுமார் 263 டிகிரி. அத்தகைய பெருங்குளிரிலேதான் பெருநெருப்பாகிய விண்மீன் உருவெடுக்கத் தொடங்குகிறது.

பஞ்சைக் கொட்டி நூலாக இழுப்பது போல, முகிலினுட் பொருள் நீண்ட இழைகளாய்த் திரள்கிறது. இழையின்கண் முடிச்சுப் போன்ற கருக்கள் அமைகின்றன. கரு சுருங்கச் சுருங்க அதன் நடுவிடம் வெம்மையுறுகிறது. முதலிலிருந்த சிறு சுழற்சியும் சுருங்குதலால் விரைவடைந்து, எஞ்சிய பொருள் குயவனின் சக்கரம் போலத் தட்டையாய்ச் சுற்றுகிறது. நடுவிடம் ஒரு கோடி டிகிரி அளவு வெம்மையுற்றவுடன் ஹைட்ரஜன் எரிந்து ஹீலியமாகத் தொடங்குகிறது, விண்மீன் பிறந்தது. சுற்றிய சக்கரத்தினின்று பூமியும் பிற கோள்களும் உண்டாகின்றன.

இஃது ஊகமன்று. தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில், அட்டகாமா என்னும் பாலையில், கடல் மட்டத்திற்கு 5,000 மீட்டர் உயரத்தில் 66 ரேடியோ தட்டுகளைப் பரப்பி ‘ஆல்மா’ என்னும் பெருங்கருவியைப் பல நாட்டார் கூடி அமைத்துள்ளனர். 2014-ஆம் ஆண்டில் அக்கருவி, நம் ரோகிணி மீன் நிற்கும் இடப மண்டலத்தில், 450 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஓர் இளமீனைப் படம் எடுத்தது. அம்மீனைச் சுற்றிச் சக்கரமும், சக்கரத்தில் இசைத்தட்டின் கோடுகள் போன்ற வளையங்களும் தெளிவாகத் தோன்றின. மீனின் வயதோ பத்து இலட்சம் ஆண்டினும் குறைவு. நம் பூமி பிறந்த கதையை ஒத்த ஒன்றை மாந்தர் கண்ணாற் கண்டது அன்றே.

விடை காணாத வினா

இவ்வளவும் அறிந்த பின்னர் ஆராய எஞ்சியது யாது எனின், மிகப் பெரிய வினா ஒன்று எஞ்சியுள்ளது. அதனைக் கணக்காகவே கூறுவாம். கணக்கு நம்மவர்க்குப் பழக்கமானதே.

நம் பால்வீதியில் இத்தகைய குளிர்முகில்களில் உள்ள வாயு சுமார் 100 கோடி சூரியன்களின் நிறையுடையது. தடையொன்றும் இல்லையாயின் ஒரு முகில் தன் ஈர்ப்பினால் சில பத்து இலட்சம் ஆண்டுகளுக்குள் சுருங்கிவிடல் வேண்டும். அவ்வாறாயின் ஆண்டொன்றுக்கு இருநூறு சூரியன்களுக்குக் குறையாத பொருள் மீன்களாக மாறல் வேண்டும். உண்மையிலோ ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு சூரியன் அளவே மாறுகிறது. நூற்றில் ஒரு பங்கு! முதல் இத்துணையிருந்தும் வரவு இத்துணை குறைவானேன்? இம்முரண்பாடு 1974-ஆம் ஆண்டளவில் எடுத்துக் காட்டப்பட்டது. இன்னும் முற்ற முடிவு காணப்படவில்லை.

விடையாக மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது, முகிலினுள் வாயு அமைதியாயிராது, தயிர் கடையும் பானைபோலக் கலங்கிச் சுழல்கிறது; அக்கலக்கம் சுருங்குதலைத் தடுக்கிறது என்பது. இரண்டாவது, முகிலை ஊடுருவியுள்ள காந்த விசை கயிறு கட்டினாற்போல வாயுவைத் தாங்குகிறது என்பது. மூன்றாவது, முன்பிறந்த பெருமீன்களின் கடும் ஒளியும் காற்றும், அவை இறுதியில் வெடிக்கும் வெடிப்பும், தாம் பிறந்த முகிலையே கலைத்துவிடுகின்றன என்பது. பிறந்த வீட்டுப் பொருளைத் தம்பியர்க்கு விடாது கலைக்கும் மூத்த பிள்ளையை ஒத்தன அவை. மூன்றும் உண்மையே என்பதில் ஐயமில்லை. எது எப்பங்கு, எவ்விடத்தில் எது தலைமை என்பதிலேயே அறிஞர் இன்றும் வேறுபடுகின்றனர்.

இவ்விரண்டாவது காரணத்தில் நமக்குப் பெருமை தரும் ஒரு தொடர்பும் உண்டு. மீனின் ஒளி தூசியினூடே வரும்போது ஒருதிசை அதிர்வு பெறுகிறது என்று 1949-ஆம் ஆண்டில் காணப்பட்டது. தூசித் துகள்கள் காந்தக் கோடுகளுக்கு இயையத் திரும்பி நிற்பதே அதற்குக் காரணம். காந்தம் வலிதாயின் கலக்கத்திலும் அக்கோடுகள் நேராக நிற்கும், மெலிதாயின் கோணும். ஆகவே கோணலின் அளவைக் கொண்டு காந்தத்தின் வலிமையைக் கணக்கிடலாம் என்று காட்டியவர் நம் சந்திரசேகரும் இத்தாலியப் பேரறிஞர் பெர்மியும். காட்டிய ஆண்டு 1953. எழுபது ஆண்டு கழிந்தும், ஆல்மாவைக் கொண்டு ஆராயும் இளைஞர் இன்றும் அம்முறையைக் கையாளுகின்றனர். சந்திரசேகர்-பெர்மி முறை என்றே அதற்குப் பெயர் வழங்குகிறது.

பட்டத்திற்குப் பின் நிகழும் பணி

நிற்க. இவ்வினாவிற்கு விடை தேடுவோர் யாவர்? பேராசிரியர் வழிகாட்டுவர், மாணவர் கற்பர். இருவர்க்கும் இடைநின்று நாள்தோறும் உழைப்பவரே நாம் பேசவந்த பட்டத்திற்குப் பிந்திய ஆராய்ச்சியாளர். டாக்டர் பட்டம் என்பது, பிறர் துணையின்றி ஒரு வினாவை ஆராய வல்லவர் என்பதற்கு நற்சான்று. அவ்வன்மையை முதன்முதல் பயன்படுத்தும் காலம் இது. ஆகவே இதனைப் படிப்பு என்பது பிழை. ஊதியம் பெறும் வேலையே இது. மருத்துவர் பட்டம் பெற்றபின் மருத்துவமனையிற் பயிற்சி பெறுவதையும், வழக்கறிஞர் மூத்தவரிடம் இருந்து பழகுவதையும் நாம் குறைகூறுவதில்லையன்றோ?

அவர் செய்யும் வேலையைக் கேளுங்கள். ஒரு முகிலைத் தெரிந்தெடுத்து, அதனை இன்ன அலையில், இத்தனை நாழிகை நோக்கினால் இன்ன ஐயம் தீரும் என்று ஒரு விண்ணப்பம் வரைதல் வேண்டும். ஆல்மாவிற்கு ஆண்டுதோறும் வரும் விண்ணப்பங்கள் கேட்கும் காலம், உள்ள காலத்தைப் போலப் பன்மடங்கு. 2021-ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு புதுமுறை நடைபெறுகிறது. விண்ணப்பித்தவர் ஒவ்வொருவரும் பிறருடைய விண்ணப்பங்கள் பத்தினை மதிப்பிடல் வேண்டும். எழுதியவர் பெயரும் நாடும் நிலையமும் மதிப்பிடுவோர்க்கு மறைக்கப்படும். இன்னார் மகன், இன்ன நாட்டார், இன்ன பேராசிரியரின் மாணவர் என்பன ஒன்றும் அங்கே செல்லா. கருத்தின் தகுதியொன்றே செல்லும். சபைகள் நடத்தும் நாம் யாவரும் எண்ணிப் பார்க்கத்தக்க ஏற்பாடு இது.

காலம் கிடைத்து நோக்கிய பின், வந்த எண்களைக் கணிப்பொறியில் இட்டுப் பல மாதம் ஆராய்தல் வேண்டும். அணுகும் இரயிலின் ஊதல் ஒரு சுருதியிலும் அகலும் இரயிலின் ஊதல் மற்றொரு சுருதியிலும் கேட்பது போல, அலையின் சிறு மாறுதலைக் கொண்டு வாயு உள்ளே விழுகிறதா, வெளியே செல்கிறதா என்று அறிவர். பிறகு அதனைக் கணிப்பொறியில் இயற்றிய செயற்கை முகிலோடு ஒப்பிடுவர். ஒவ்வாதாயின் மீண்டும் தொடங்குவர். இதனிடையே இளைய மாணவர்க்கு வழிகாட்டல், கட்டுரை எழுதல், பிறர் கூறும் தடைகளுக்கு விடையளித்தல், அடுத்த பணிக்கு விண்ணப்பித்தல் ஆகிய யாவும் உண்டு. இரண்டாண்டுப் பணியில் இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே அடுத்த பணியைத் தேடல் வேண்டும் என்பதை அறிந்தால், ‘ஏன் இவன் ஊருக்கு வருவதில்லை’ என்று சினவோம்.

இவ்விடைக்காலம் வீண்காலம் அன்று என்பதற்குச் சந்திரசேகரின் வரலாறே போதும். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற அவர், அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்று 1930-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சென்றார். 1933-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே ட்ரினிட்டி கல்லூரியார் அவர்க்கு நான்காண்டு ஆராய்ச்சி நிலை ஒன்றை அளித்தனர். ‘போஸ்ட்டாக்’ என்னும் பெயர் அன்று பரவவில்லை, பொருள் அதுவே. இறக்கும் மீனின் நிறைக்கு ஓர் எல்லையுண்டு என்னும் தம் கொள்கையை அவர் விரித்து நிறுவியது அந்நாட்களிலே. 1935-ஆம் ஆண்டு சனவரியில் பேரறிஞர் எட்டிங்டன் சபைநடுவே அக்கொள்கையை எள்ளி மறுத்ததும் அந்நாட்களிலே. நிலையான வேலை அவர்க்கு அன்று இல்லை. நிலையான அறிவு இருந்தது. பின்னர் அமெரிக்கா சென்று, 1983-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். ‘ஐ.சி.எஸ். எழுதாமல் மீனை எண்ணுகின்றானே’ என்று இல்லத்தார் தடுத்து நிறுத்தியிருப்பின், இழப்பு யாருக்கு?

நம் நாட்டிலும் இத்துறைக்கு இடமில்லாமல் இல்லை. உதகமண்டலத்தில் மலைச்சரிவையே துணையாகக் கொண்டு 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி 1970-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதனை அமைத்த கோவிந்த ஸ்வரூப் என்னும் பெரியார் பின்னர்ப் புணேக்கு அருகே, ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலமுள்ள 30 தட்டுகளைக் கொண்ட பெருங்கருவியையும் அமைத்தார். ஹைட்ரஜனின் ஓசையைக் கேட்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. பெங்களூருவிலும் புணேயிலும் ஆராய்ச்சிக் கழகங்கள் உள; கொடைக்கானலில் 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட, சூரியனை நோக்கும் வானிலயம் உளது.

உள்ள இடரும் செய்யத்தக்கதும்

புகழ்ச்சி மட்டும் கூறி மக்களை ஒரு துறைக்கு ஏவுதல் நன்றன்று. ஆதலின் இடரையும் மறையாது கூறுவாம். நிலையான ஆசிரியப் பதவிகள், அவற்றைத் தேடும் ஆராய்ச்சியாளரினும் எண்ணிக்கையிற் குறைந்தவை. திறமையுடையோர் பலரும் இரண்டு மூன்று பணிகள் செய்த பின்னர் வேறு தொழிலுக்குச் செல்ல நேர்கிறது. ஊர் மாறுதலால் திருமணம் தள்ளிப்போகிறது; மணந்தவரும் கணவன் ஒரு கண்டத்திலும் மனைவி ஒரு கண்டத்திலுமாக வாழ்கின்றனர். பெற்றோர் நோயுற்றால் உடனே வர இயலாது. பெண்மக்களுக்கு இவ்விடர் இருமடங்கு; ஸெஸிலியா பேன் அம்மையாரைத் தடுத்தது அறிவின் குறைவன்று, சூழ்ந்திருந்தோர் வழக்கமே. அவ்வழக்கம் கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் மட்டும் உள்ளதன்று. நம் கூடங்களிலும் உளது.

‘இதனாற் பயன் யாது?’ என்று வினவுவோர்க்கும் விடையுண்டு. ஆஸ்திரேலிய நாட்டு ரேடியோ வானியலார் மங்கிய அலைகளைத் தெளிவாக்கக் கண்ட வழிகள், இன்று கம்பியின்றி வீடுதோறும் இணையம் வரும் ‘வை-ஃபை’ முறைக்குத் துணை செய்தன. ஆயினும் அப்பயன் கருதி அவர் அதனைத் தொடங்கினாரல்லர். நம் குருதியிலுள்ள இரும்பும், எலும்பிலுள்ள சுண்ணச் சத்தும், மூச்சிலுள்ள பிராணவாயுவும் முன்னொரு காலத்து மீன்களினுள்ளே வெந்து, வெளிவந்து, ஒரு முகிலிற் கலந்து, சூரியனோடு பிறந்தவையே. வமிச வரலாற்றை ஆர்வத்தோடு தேடும் நாம், எல்லா வமிசத்திற்கும் முற்பட்ட அவ்வரலாற்றைத் தேடுவோரைப் பயனிலர் என்னலாமா?

இனி, நம் கடமை. மூன்றே கூறுவாம். ஒன்று: நம் சங்கத்தின் கல்வி நிதி இதுவரை பெரும்பாலும் மருத்துவத்திற்கும் பொறியியலுக்குமே உதவி வந்துள்ளது. பௌதிகம், கணிதம், இரசாயனம் முதலிய அடிப்படை நூல்களைப் பயில்வோர்க்கும் ஆண்டுதோறும் ஒரு பங்கு ஒதுக்குமாறு நிர்வாகிகளை வேண்டுகிறோம். சந்திரசேகரைக் கப்பலேற்றியது ஓர் உபகாரச் சம்பளம். யூவனின் கொம்பை ஜன்னலில் ஏற்றியது 500 டாலர். பெருந்தொகை வேண்டா, உரிய காலத்தில் வருவதே வேண்டும்.

இரண்டு: பெற்றோரும் உற்றாரும் கேள்வியை மாற்றிக்கொள்ளல் வேண்டும். ‘படிப்பு எப்போது முடியும்?’ என்பதற்குப் பதிலாக, ‘இப்போது எம்முகிலை ஆராய்கிறாய்? என்ன கண்டாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மலர்வதைக் காண்பீர்கள். நீங்களும் சிறிது கற்பீர்கள். பத்தாண்டு உழைத்தபின் அத்துறையை விட்டு வேறு தொழிலுக்கு வருவாராயினும், தோற்று வந்தவராக அவரை நடத்தாதீர்கள். பெருந்தொகை எண்களை ஆராயவும், ஐயத்தைப் பொறுத்திருக்கவும், தம் முடிவைத் தாமே சோதிக்கவும் கற்றவர் எத்தொழிலுக்கும் சிறப்பளிப்பர்.

மூன்று: இது மாணவர்களுக்கு. ஆல்மாவில் நோக்கிக் கிடைத்த செய்திகள், நோக்கியவர்க்கு ஓராண்டு மட்டுமே தனியுரிமை. அதன்பின் உலகில் எவரும் இணையத்தின் வாயிலாக விலையின்றிப் பெறலாம். சிற்றூர்க் கல்லூரியில் பயிலும் மாணவியும், கணிப்பொறி ஒன்றும் கணித அறிவும் இருப்பின், 5,000 மீட்டர் உயரத்துப் பாலையில் ஈட்டிய செல்வத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்ளலாம். ஆதலின் கணிதத்தையும், கணிப்பொறிக்கு ஆணை எழுதும் கலையையும், செவ்வையாக எழுதும் பழக்கத்தையும் இப்போதே பயிலுங்கள். துறையில் நிலைத்தாலும் விலகினாலும் அம்மூன்றும் உங்களைக் கைவிடா.

அன்பர்களே! முகிலில் உள்ள பொருளெல்லாம் மீனாவதில்லை. ஒரு சிறு பங்கே ஆகிறது. எஞ்சிய பங்கு அழிவதில்லை. வெளியிற் பரந்து, மீண்டும் திரண்டு, வேறொரு முகிலாகி, வேறொரு மீனுக்குக் காத்திருக்கிறது. ஆராய்ச்சியில் இறங்கும் நம் மக்களின் உழைப்பும் அத்தகையதே. ஒருவர் கண்டது சிறிதாயினும் அடுத்தவர்க்கு முதலாகும். அவர்களைத் தாங்கும் பொறை நம்மிடத்து இருக்குமாக.